துடைத்த நுனி

அந்த இழையைக் கெடுத்தது நீங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அதன் நுனியைத் துடைத்துக் கெடுத்தீர்கள். கெடுத்துவிட்டு, பழியை என் அக்கா வீட்டுக்காரர் தலையில் போட்டீர்கள். அன்றைக்குப் போட்டதோடு விடவில்லை. இன்றைக்கும் மேடை மேடையாக ஏறிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. உங்கள் பெயர், கல்லூரியின் பெயர், அக்கா வீட்டுக்காரரான என் மாமாவின் பெயர், ஒன்றும் இங்கே இருக்காது. எழுதினால் வக்கீலைத் தேடிப் போவீர்கள். நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆய்வகத்தில் வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரியும். அது போதும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் அந்த இழை என்னவென்று சொல்லவேண்டும். இன்டர்நெட் கேபிளுக்குள் இருக்கும் சாதாரண ஃபைபர், முடி போல மெல்லிய கண்ணாடி. ஒளி கண்ணாடிக்குள்ளேயே ஓடும். கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போகிற வழியில் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், அதன் வேகத்தையும் குறைக்கும். நாங்கள் செய்தது வேறு. நடுவில் கண்ணாடியே கிடையாது, காற்றுதான். ஒளி காற்றில் ஓடும். ஹாலோ கோர் என்பார்கள். நான் இங்கே குழல் இழை என்றே எழுதுகிறேன்.

காற்றுக்குள் ஒளியைப் பிடித்து வைப்பது லேசில்லை. விட்டால் பக்கவாட்டில் கசிந்து போய்விடும். அதற்காக அந்த ஓட்டையைச் சுற்றி உள்பக்கமாக ஐந்து சின்னக் கண்ணாடிக் குழாய்களை ஒட்டவைப்போம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இன்னொரு குட்டிக் குழாய். அந்தக் குழாய்களின் சுவர், தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் கனம் சரியாக அமைந்தால் ஒளி சுவருக்குள் போகமுடியாமல் திரும்பிக் காற்றுக்கே வரும். கனம் தப்பினால் எல்லாம் கசியும். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் அதன் வழியே கசியும். இடைவெளி குறைந்தால், சூட்டில் இழுக்கும்போது குழாய்கள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஒளி சாகும். எவ்வளவு கனம், எவ்வளவு இடைவெளி, உள்ளே குட்டிக் குழாய் எவ்வளவு பெரிது, வளைத்தால் எது தாங்கும், இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் வடிவமைப்பு. உங்கள் ஆய்வகத்தில் அந்த வேலையைச் செய்தவள் நான்.

நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மலை வந்தாச்சா?" என்று கேட்பீர்கள். கொல்லிமலையிலிருந்து வந்தவள் என்பதால் நான் மலை. சொன்னதும் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் முதல் வருஷம் சிரித்தேன். நான் கொண்டுவந்த வரைபடத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்காமலே மடித்து, டீ கப்புக்கு அடியில் வைத்தீர்கள். கப்பை எடுத்தபோது காகிதத்தில் வட்டமாகக் கறை. "பாரு, உன் டிசைனைவிட இந்த வட்டம் நல்லா இருக்கு" என்றீர்கள். அதே டிசைனை இரண்டு மாதம் கழித்து உங்கள் யோசனை என்று கூட்டத்தில் பேசினீர்கள். அதை நான் இங்கே வழக்காக எடுக்கவில்லை. அது எனக்கும் உங்களுக்கும் இருக்கிற சண்டை, தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

லீவுக்கு வீட்டுக்குப் போனாலும் கணக்கு கூடவே வரும். மிளகு பறிக்கிற நாட்களில் மொட்டை மாடி முழுக்கத் தார்ப்பாயில் மிளகு காயும். ஒரு ஓரத்தில் நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மழை இருட்டிக்கொண்டு வந்தால் மிளகை அள்ளுவதா லேப்டாப்பைத் தூக்குவதா என்று தெரியாது. அம்மா திட்டுவாள். "ஏன் கண்ணு, ஒரு ஓட்டைக்கு எத்தன வருசந்தான் கணக்குப் போடுவ?" என்று ஒருநாள் கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு. அதில் விஷம் கிடையாது.

கொல்லிமலையில் இழையைப் போட்டுச் சோதிக்கலாம் என்று முடிவு செய்தது நீங்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை, அதை அன்றே சொன்னேன். வளைவும் ஈரமும் உள்ள இடத்தில் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும் என்று வெளியே காரணம் சொன்னீர்கள். உள்ளே சொன்ன காரணம் எனக்குத் தெரியும். "மலைவாசி கிராமத்துல நாளைய ஃபைபர். படம் நல்லா வரும்மா" என்றீர்கள்.

வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரிக்குப் பக்கத்திலிருந்து, திருப்புலி நாடு என்கிற ஊர்ப் பக்கம் போகிற ரோட்டோரமாக ஒரு பள்ளிக்கூடம் வரைக்கும். அவ்வளவு தூரத்துக்குத்தான் நம்மிடம் இழை இருந்தது. மலையில் கேபிள் போடுகிற வேலை எது வந்தாலும் கீழே இருக்கிற கான்ட்ராக்டர் என் மாமாவைத்தான் கூப்பிடுவார். அக்காவைக் கட்டியவர். அவரும் அவரோடு ஏழெட்டு ஆட்களும். அவருக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி இருக்கிறது. ஆனால் அவரை ஊரில் எல்லாரும் தெரிந்துவைத்திருந்தது கேபிளால்தான். யார் வீட்டில் நெட் வரவில்லை என்றாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவர் வந்து பார்த்தால் வேலை சுத்தமாக இருக்கும் என்று பெயர். அந்தப் பெயரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் பள்ளம் வெட்டினார்கள், குழாய் பதித்தார்கள், இழை சுற்றிய டிரம்மைத் தோளில் சுமந்து ரோட்டிலிருந்து இறக்கினார்கள். இதை எந்த அளவுக்கு வளைக்கலாம் என்று ஒரு சாப்பாட்டுத் தட்டைக் காட்டிச் சொன்னேன். இதற்குமேல் சுருட்டக்கூடாது என்றேன். சரி என்றார்கள். சொன்னபடி செய்தார்கள். நீங்கள் அப்போது கீழே லாட்ஜில் இருந்தீர்கள்.

இழையை எல்லாருக்கும் காட்டுகிற விழா நாள் காலையில், நீங்கள் வருவதற்கு முன், நான் அளந்தேன். பள்ளிக்கூடத்து முனையில் நம் ஆய்வகத்துப் பையன் லேசரைப் போட்டான். ஏரிப்பக்கத்து முனையில் நான் ஒளியை அளக்கிற மீட்டரை வைத்தேன். ஒளி வந்தது. நான் கணக்கில் பார்த்த அளவுக்கே வந்தது. பள்ளத்தில் போட்டு, வளைவில் இழுத்து, மண் மூடி, எல்லாம் முடிந்த பிறகு வந்தது. மாமா பக்கத்தில் நின்றார். "வருதா கண்ணு?" என்றார். "வருது மாமா" என்றேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்களுக்கு டீ சொல்லப் போனார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பந்தல் போட்டிருந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற இடத்திலிருந்து அதிகாரிகள், இரண்டு கம்பெனிக்காரர்கள், கல்லூரி நிர்வாகத்தார், போட்டோகிராஃபர். சுற்றுலா வந்தவர்களும் அன்னாசிப்பழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நான் மீட்டரில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். ஆனால் கேமரா முன்னால் நீங்களே இழையை வெட்டிக் காட்டவேண்டும் என்றீர்கள். வெட்டினீர்கள். வெட்டு நன்றாகத்தான் விழுந்தது. சின்ன மைக்ராஸ்கோப் திரையில் நுனியைக் காட்டினீர்கள். ஐந்து குழாய்களும் பூ மாதிரி தெரிந்தன. எல்லாரும் பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு தூசி இருந்தது.

அந்தத் தூசி ஒன்றும் செய்யாது. காற்றூதினால் போய்விடும். போகாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் உங்கள் கை நீண்டது. நீங்கள் சாதாரண ஃபைபரில் இருபது வருஷமாக வேலை செய்த ஆள். சாதாரண ஃபைபரில் தூசி தெரிந்தால் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார்கள். அது கெட்டியான கண்ணாடி, ஒன்றும் ஆகாது. குழல் இழை அப்படியா? அது முழுக்கத் திறந்த ஓட்டை. ஈரம் பட்டால் உறிஞ்சும். ஸ்பிரிட் உள்ளே ஏறிவிட்டால் காற்று இருக்கவேண்டிய இடத்தில் திரவம் நிற்கும், சுவர்க் கணக்கு முழுக்கத் தப்பிப்போகும், ஒளி அங்கேயே சிதறும். குழல் இழையின் நுனியில் ஈரம் படக்கூடாது என்று ஆய்வகச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருந்தேன். நீங்கள் தினமும் அதைக் கடந்துதான் உங்கள் அறைக்குப் போவீர்கள்.

நான் "சார், வேண்டாம் சார்" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆய்வகத்து உதவியாளர் பஞ்சை நனைத்துக் கையில் கொடுத்தார். நுனியை அழுத்தித் துடைத்தீர்கள். இரண்டு தரம். கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள்.

மீட்டரில் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான். நுனியிலிருந்து ஒரு சாண் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி வைக்கவேண்டும். ஸ்பிரிட் அதற்குமேல் ஏறியிருக்காது. ஒரு நிமிஷ வேலை. நான் இழை வெட்டுகிற கிளீவரை எடுத்துவிட்டேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினீர்கள். "வாய மூடிட்டு நில்லு" என்றீர்கள், உதடு அசையாமல். ஏனென்றால் நான் வெட்டினால் ஏன் வெட்டுகிறாய் என்று அதிகாரி கேட்பார். கேட்டால் துடைத்ததைச் சொல்லவேண்டும்.

அப்புறம் உங்கள் கண் பந்தலுக்கு வெளியே போனது. அங்கே மண் அப்பிய காலோடு என் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், நீதானே இத போட்டது? இங்க வா."

அவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார். பந்தலில் எல்லாரும் ஷூவோடு இருந்தார்கள்.

"இதப் புடி. கண்ணுகிட்ட வெச்சுப் பாரு. வெளிச்சம் தெரியுதா?"

இதைப் படிக்கிறவர்கள் இங்கே நின்று கவனிக்கவேண்டும். அந்த லேசர் ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளி. இழை பூரணமாக வேலை செய்திருந்தாலும் உலகத்தில் எவன் பார்த்தாலும் இருட்டாகத்தான் தெரியும். அது பார்க்கச் சொன்ன புரொபசருக்குத் தெரியும். அதோடு, மறுமுனையில் லேசர் அணைக்கப்படவில்லை. ஆய்வகத்தில் சேருகிற முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தருகிற விதி, எந்த ஃபைபரின் நுனியையும் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோகாதே என்பது. எனக்கு அந்த விதியைச் சொன்னவர் அந்த புரொபசர்தான். தெரியாத ஒளியாக இருப்பதால்தான் ஆபத்து, கண் போன பிறகுதான் தெரியும் என்று அவரே சொன்னார்.

என் மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணில் நுனியை வைத்துப் பார்த்தார். போட்டோகிராஃபர் படம் எடுத்தார்.

"தெரியலீங்க சார்."

"ஏன் தெரியல?"

"தெரியலீங்களே."

"இழுக்கும்போது மடிச்சுட்டீங்க. அதான் தெரியல. உள்ள முறிஞ்சிருக்கு." இதை மாமாவைப் பார்த்துத் தொடங்கி அதிகாரிகளைப் பார்த்து முடித்தீர்கள். "பரவால்ல. இவங்களுக்கு ஃபைபரும் ஒண்ணுதான், வேட்டி காயப்போடற கயிறும் ஒண்ணுதான்."

சிரித்தார்கள். கம்பெனிக்காரர் ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் மேஜையைச் சுற்றி ஓடிப்போய் மாமாவின் கையிலிருந்து இழையைப் பிடுங்கினேன். "காலையில வந்துச்சே சார், எல்லாம் போட்டு முடிச்ச பெறகுதானே அளந்தேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். என் மாமா என்னைத் தடுத்தார். என் தோளில் கைவைத்துப் பின்னால் தள்ளிவிட்டு உங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நாங்க எங்கியாச்சும் மடிச்சுப் போட்டமோ என்னமோங்க. தப்புன்னா எங்கமேலதாங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அந்தக் கும்பிடையும் படம் எடுத்தார்கள்.

அவர் ஒத்துக்கொண்டார் என்று நீங்கள் இன்றுவரை சொல்கிறீர்கள். அவர் சொன்னது என்னவென்று தெரியாமல் சொல்கிறீர்களா, தெரிந்தே சொல்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் விருந்து வந்தவர் முன்னால் ஏதாவது கெட்டுப்போனால், அது யாரால் கெட்டது என்று பார்க்கமாட்டார்கள். வீட்டுக்காரன் தன்மேல் எடுத்துக்கொள்வான். வந்தவர் காலில் தட்டிச் சொம்பு கவிழ்ந்தாலும் "நான் வெச்ச எடம் தப்புங்க" என்பான். வந்தவர் உடனே "அட, நாந்தானுங்க பாக்கல" என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லி இரண்டு பேரும் சமமாகிவிடுவார்கள். மாமா தன் பங்கைச் சொன்னார். உங்கள் பங்கை நீங்கள் சொல்லவில்லை. அவர் கும்பிட்ட கையோடு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நீங்கள் ஏதோ சொல்வீர்கள் என்று. நீங்கள் அவரைத் தாண்டிச் சாப்பாட்டுக்குப் போனீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு சாண் வெட்டினேன். மீட்டரில் வைத்தேன். காலையில் என்ன வந்ததோ அதுவே வந்தது. நீங்கள் என் பின்னால் நின்றீர்கள். உதவியாளரும் நின்றார். அவருக்குப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதனால் அவரைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். அப்புறம், "சரி, நல்லதாப் போச்சு. ரீடிங் எல்லாம் எடுத்துக்க" என்றீர்கள்.

"சார், மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றேன்.

"என்ன சொல்ல?"

"அவர் மடிக்கலன்னு."

"அந்த ஆளு அத மறந்திருப்பான்மா. அவங்களுக்கெல்லாம் இது ஒரு விஷயமா?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்கள்.

வீட்டுக்குப் போய் மாமாவிடம்தான் முதலில் கோபப்பட்டேன். செய்யாத தப்பை எதற்காகத் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கத்தினேன். அவர் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நம்மூருக்கு வந்தவரு கண்ணு. அத்தன பேரு முன்னால அவரு தலயக் குனிய உடலாமா?" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "உங்க தல குனிஞ்சுதே, அது கணக்குல இல்லீங்களா?" என்று கேட்டாள். அவர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

நீங்கள் நினைத்தது போல யாரும் மறக்கவில்லை. உங்கள் போட்டோகிராஃபர் எடுத்த படம் செய்தியில் வந்தது. கூலியாட்கள் கையாண்ட விதத்தால் சோதனையில் தடங்கல் என்று ஒரு வரி. மலையில் எல்லார் போனிலும் அது வந்துவிட்டது. டீக்கடையில் மாமா டம்ளரை எடுத்தால், "ஏனுங்க, பாத்துப் புடிங்க, முறிஞ்சிரப் போவுது" என்பார்கள். பஸ்ஸில் உட்காரப் போனால், "அண்ணனுக்குக் கம்பிய உட்டுத் தள்ளி எடம் குடுங்கப்பா" என்பார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். நம் ஆட்கள்தானே என்று. ஒருநாள் ஒரு வீட்டில் நெட் வரவில்லை என்று இவரே பார்க்கப் போயிருக்கிறார். அந்த வீட்டம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கீழேருந்து ஆளு வரச் சொல்லியிருக்கமுங்க, நீங்க தொட வேண்டாம்" என்றாளாம். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கான்ட்ராக்டர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "நீ சொல்றது நெசமா இருக்கலாம் சாமி. ஆனா புரொபசரு சொல்லிட்டாரு, அந்தாளும் கும்புட்டு ஒத்துக்கிட்டாப்ல. இனி அவர வெச்சு வேலயெடுத்தா கம்பெனிக்காரன் எங்கிட்ட பில்லு குடுப்பானா?" என்றார். அந்த புரொபசரையே ஒரு போன் போடச் சொல்லு, அடுத்த நாளே கூப்பிடுகிறேன் என்றார்.

உங்கள் அறை வாசலில் நின்று அந்த ஒரு போனைப் போடச் சொல்லிக் கேட்டேன். நினைவிருக்கும். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் நாற்காலியைத் திருப்பாமலே பேசினீர்கள். போன் செய்தால் அப்போது சொன்னது பொய் என்று ஆகிவிடும் என்றீர்கள். நான் ஆமாம், பொய்தானே என்றேன். அப்போது நாற்காலி திரும்பியது. "மலை, நீ இங்க படிக்க வந்தியா, சொந்தக்காரனுக்கு வேலை வாங்க வந்தியா?" என்றீர்கள். அடுத்த வாரம் நான் ஆய்வகத்துச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மாமா இப்போது கீழே ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியில் மூட்டை ஏற்றுகிறார். மலையிலிருந்து லாரியில் இறங்குகிற மரவள்ளி மூட்டைகளைத் தூக்குகிறார். சில மூட்டைகள் எங்கள் ஊர்க்காரர்களுடையவை. அவர்கள் வந்தால் அவர் லாரிக்கு அந்தப் பக்கமாகப் போய்விடுவார் என்று அங்கே வேலை செய்கிற இன்னொருவர் சொன்னார். இதை என்னிடம் ஏன் சொன்னீர்கள் என்று அவரைத் திட்டிவிட்டேன்.

இதோடு விட்டிருந்தால் நானும் இதை எழுதியிருக்கமாட்டேன். எங்கள் ஆட்கள் விழுங்கிப் பழகியவர்கள். நானும் விழுங்கியிருப்பேன். ஆனால் போன மாதம் கீழே ஒரு கல்லூரியில் நீங்கள் சிறப்புச் சொற்பொழிவு என்று வந்தீர்கள். அக்கா மகள் அங்கே முதல் வருஷம் படிக்கிறாள். "சித்தி, உன் சப்ஜெக்ட்தான் பேசறாங்களாம், வா" என்று கூப்பிட்டாள். யார் பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குப் போஸ்டரைப் பார்த்ததும் தெரிந்தது. அப்போதே அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். நான் பயந்து ஓடுகிற ஆள் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

நன்றாகத்தான் பேசினீர்கள். குழாய்கள், சுவர்க் கனம், இடைவெளி. என் படங்கள், என் வளைகோடுகள். பிறகு, களத்தில் வந்த சவால்கள் என்று ஒரு ஸ்லைடு. திரை முழுக்க என் மாமா. ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணில் இழையை வைத்துக்கொண்டு.

"நம்ம ஃபைபருக்கு நடுவுல காத்துதான் இருக்கும். இத போட்ட ஆளுக்கு மண்டைக்குள்ளயும் அதேதான்" என்றீர்கள்.

ஹால் முழுக்கச் சிரித்தது. எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அக்கா மகளின் தோழி, அவளை இடித்து, "ஏய், உங்க ஊரு ஆளுடி" என்று சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அக்கா மகள் திரையையே பார்த்தாள். "சித்தி, அது அப்பாதான?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று கொஞ்சம் சிரித்தாள். தன் அப்பாவைப் பார்த்து ஊரே சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்கவேண்டிய நிலைமைக்கு ஒரு பெண்ணை நீங்கள் கொண்டுவந்தீர்கள். அவள் இதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. என்னையும் சொல்லவேண்டாம் என்று வாக்கு வாங்கினாள். இந்த ஒரு வாக்கை நான் மீறுகிறேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் மீறுகிறேன்.

அந்த ஸ்லைடுக்கு அடுத்த ஸ்லைடு ஒரு அளவீடு. இழப்பு இவ்வளவு குறைவு, நாட்டில் இதுவரை யாரும் இப்படிக் காட்டியதில்லை என்று விரலால் தொட்டுக் காட்டினீர்கள். கைதட்டினார்கள். அந்தக் கோடு எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது, ஒரு சாண் வெட்டிய பிறகு, நான் எடுத்த ரீடிங் அது. அதே டிரம், அதே பள்ளம், அதே இழை. என் மாமாவும் அவர் ஆட்களும் இழுத்துப் போட்ட இழை.

கேள்வி நேரத்தில் நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அடையாளம் தெரிந்தது, அது உங்கள் முகத்தில் இருந்தது. "நேரம் ஆயிடுச்சு" என்று மைக்கை அணைத்துவிட்டுப் பொன்னாடை வாங்கிக்கொண்டீர்கள்.

அதனால் அங்கே கேட்க முடியாததை இங்கே கேட்கிறேன்.

என் மாமா அந்த இழையை மடித்து முறித்தார் என்றால், முறிந்த இழையில் அந்த அளவீடு எப்படி வந்தது? அந்த அளவீடு உண்மை என்றால், அவர் எதை முறித்தார்? இரண்டு ஸ்லைடும் ஒரே பேச்சில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருகிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஒன்று நீங்கள் ஒரு மனிதன்மேல் பொய்ப் பழி போட்டீர்கள். இல்லையென்றால் உலகத்துக்குப் பொய் அளவு காட்டுகிறீர்கள். எது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்.

எனக்குப் போன் செய்யவேண்டாம். ஆள் அனுப்பி சமாதானம் பேசவேண்டாம். மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம், அவர் உடனே உங்களுக்காகத் தன்மேல் எடுத்துக்கொள்வார். படத்தைப் போட்டுச் சிரிக்கவைத்தது எல்லார் முன்னாலும். பதிலும் எல்லார் முன்னாலும் வரவேண்டும். அடுத்த மேடையில், அதே இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மைக்கை அணைக்காமல் சொல்லுங்கள். அந்த இழையை யார் கெடுத்தது?